கடல் கடந்த வாணிகமும் இழப்பின் பொறுப்பும்

வாணிகத்தில் அறம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இருவகை மனிதர் முன்வந்து நிற்பர். சட்டத்தை மீறாமல் இலாபம் ஈட்டுவதே வாணிகனுக்குரிய அறம் என்பார் ஒருவர். இலாபம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் முகம் சுளிப்பார் மற்றவர். இவ்விருவருடைய வழக்கில் நாம் இன்று தலையிடப் போவதில்லை. ஒரு நாட்டுக் கம்பெனி கடல் கடந்து வேறொரு நாட்டில் தொழில் நடத்துகிறது. அங்கே பெருந்தீங்கு ஒன்று நேர்கிறது. அந்த இழப்பைத் தாங்க வேண்டியவர் யார்? இந்த ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலகமயம் என்று வழங்கும் ஏற்பாட்டின் நன்மை தீமைகளில் பெரும்பகுதி இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்திருக்கிறது என்பது நம் எண்ணம். 2025ஆம் ஆண்டு டிசம்பரில் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய அணுசக்திச் சட்டம் இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணத்தையும் தந்திருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சர்க்கார் ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட எங்களைப் போன்றோருக்கு ஆங்கிலத்தின் 'ரெஸ்பான்ஸிபிலிட்டி', 'லயபிலிட்டி' என்னும் இரு சொற்களும் ஓயாத தொல்லை. இரண்டையும் 'பொறுப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் முன்னது ஒருவன் தன் மனச்சாட்சிக்குச் சொல்லும் விடை. பின்னது கோர்ட்டு கேட்டால் எண்ணி வைக்க வேண்டிய பணம். கடப்பாடு என்றும் பொறுப்புடைமை என்றும் கலைச்சொற்கள் ஆக்கிப் பார்த்தோம். அவை அகராதியில் இருக்கின்றன, மக்கள் நாவில் ஏறவில்லை. பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். முதற்சொல் முன்பக்கங்களில் வண்ணப்படங்களோடு வரும். இரண்டாம் சொல்லைக் காண வேண்டுமானால் கணக்குகளுக்குப் பின்னே பொடி எழுத்தில் அச்சிட்ட குறிப்புகளுக்குப் போக வேண்டும். நாம் பேச வந்தது அந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான்.

போபால் நகரத்துக்குச் செல்வோம். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவும் 3ஆம் நாள் விடியலும் கூடும் வேளையில், அங்கிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் நிலத்தடித் தொட்டி ஒன்றினுள் நீர் புகுந்தது. அதிலிருந்த மிதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் கொதித்தெழுந்தது. ஏறத்தாழ 40 டன் வாயு உறங்கிக் கொண்டிருந்த நகரத்தின்மேல் பரவியது. ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே நீரைச் செலுத்தினார் என்பது கம்பெனியின் வாதம். அவ்வாறே இருக்கட்டும். தொட்டியைக் குளிரச் செய்யும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்ததே, அதற்கு என்ன சொல்வது? கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் பழுதுபார்ப்பதற்காக இணைப்பறுந்து கிடந்தது. தொழிற்சாலை நட்டத்தில் ஓடிய காலம் அது. செலவு பல வழிகளிலும் குறைக்கப்பட்டு வந்தது. 1981ஆம் ஆண்டிலேயே வாயுக் கசிவால் ஒரு தொழிலாளி உயிரிழந்திருந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்னும் பத்திரிகையாளர் 1982ஆம் ஆண்டில், நகரம் எரிமலையின் வாயில் இருக்கிறது என்னும் கருத்துப்பட இந்தி வார இதழொன்றில் எழுதி எழுதி ஓய்ந்தார். கேட்பார் இல்லை.

இவ்விடத்தில் வாணிகக் கண்ணோடு பார்ப்பது தகும். குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்துவதால் வரும் சேமிப்பு இவ்வளவு என்று மாதந்தோறும் கணக்கில் எழுதலாம். நிறுத்துவதால் வரக்கூடிய இழப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? அந்த இழப்பு தன் தலையில் விழும் என்ற அச்சம் இருந்தால் மேலாளன் அதற்கும் ஒரு மதிப்பு வைப்பான். அது பிறர் தலையில் விழும் என்று தெரிந்தால் அந்தப் பத்தியில் சுழி இடுவான். அவன் கொடியவனாக இருக்க வேண்டுவதில்லை. கணக்கறிந்தவனாக இருந்தாலே போதும்.

அந்தத் தொழிற்சாலை யாருடையது? இந்தியக் கம்பெனியின் பங்குகளில் 50.9 சதவீதம் அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் வசம் இருந்தது. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை நம் அரசாங்க நிதி நிறுவனங்களும், மற்றொரு பகுதியைச் சிறு முதலீட்டாளர் பலரும் வைத்திருந்தனர். 1985ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தனிச்சட்டம் ஒன்று இயற்றிப் பாதிக்கப்பட்டோர் அனைவர் சார்பிலும் வழக்காடும் உரிமையைத் தானே ஏற்றுக்கொண்டது. தொழிலுக்கு உரிமம் வழங்கிய அதிகாரமும், பங்குக்குரிய நிறுவனங்களின் உடைமையாளரும், இழந்தோரின் வழக்காளியும் ஒரே அரசாங்கமாக அமைந்தது வருந்தத்தக்க நிலையே என்பதை இங்கே குறிக்காமல் செல்வது முறையன்று.

வழக்கு நியூயார்க் நகரத்தில் தொடுக்கப்பட்டது. அங்கே நிகழ்ந்த வாதம் கதை எழுதுவோர் கற்பனையையும் விஞ்சும். இந்தியக் கோர்ட்டுகள் இத்தகைய பெருவழக்கைத் தாங்கும் திறன் அற்றவை என்று இந்திய அரசாங்கம் வாதாடியது. இந்தியக் கோர்ட்டுகள் மிகச் சிறந்தவை, எத்தகைய வழக்கையும் தீர்க்க வல்லவை என்று அமெரிக்கக் கம்பெனி வாதாடியது. நம் நாட்டின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் நானி பல்கிவாலா கம்பெனியின் பக்கம் நின்று நம் கோர்ட்டுகளின் பெருமைக்குச் சான்று தந்தார். அவர் கூறியதில் பிழை காண்பது அரிது. ஆயினும் கம்பெனி அந்தப் பெருமையை நாடிய காரணம் வேறு. அமெரிக்காவில் ஜூரிமார் விதிக்கும் நஷ்டஈட்டின் அளவு வேறு, இந்தியாவில் கிடைக்கும் அளவு வேறு என்பதை அதன் வக்கீல்கள் நன்கு அறிவர். 1986ஆம் ஆண்டு மே மாதம் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்.

அவ்வழக்கில் நம் அரசாங்கம் ஒரு புதிய கோட்பாட்டையும் முன்வைத்தது. பல நாடுகளில் கிளைவிட்டிருக்கும் கம்பெனி உண்மையில் ஒரே மரம். திட்டமும் தொழில்நுட்பமும் கட்டளையும் ஓரிடத்திலிருந்து பிறக்கும்போது, கிளையில் நேர்ந்த தீங்குக்கு அடிமரமும் விடை சொல்ல வேண்டும் என்பதே அக்கோட்பாடு. ஒவ்வொரு நாட்டுக் கம்பெனியும் சட்டத்தின் முன் தனித்தனி ஆள் என்று எதிர்த்தரப்பு மறுத்தது. நல்ல கோட்பாடு அது. எனினும் எந்த நாட்டுக் கோர்ட்டும் இறுதித் தீர்ப்பாக அதனைச் சோதித்துப் பார்க்கவில்லை. 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் முன்னிலையில் இரு தரப்பும் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அரசாங்கம் முதலில் கேட்டிருந்தது 330 கோடி டாலர். சமரசச் செய்தி எட்டியதும் நியூயார்க் பங்குச் சந்தையில் அந்தக் கம்பெனியின் பங்கு விலை ஏறிற்று. சந்தைக்கு இரக்கமும் இல்லை, வன்மமும் இல்லை. அஞ்சியதைவிடக் குறைந்த விலைக்குக் கணக்குத் தீர்ந்தது என்று அது அறிந்துகொண்டது, அவ்வளவே.

தொகை கணக்கிடப்பட்டபோது இறந்தோர் ஏறத்தாழ 3,000 பேர் என்று கொள்ளப்பட்டது. பின்னர் ஈடு வழங்கப்பட்ட இறப்புகள் 5,295. பாதிக்கப்பட்டோராக ஏற்கப்பட்டவர் தொகை ஐந்து இலட்சத்து எழுபதாயிரத்தைக் கடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கைக்கு முதலில் வந்தது 25,000 ரூபாய். வட்டியாலும் டாலர் மதிப்பின் உயர்வாலும் சேர்ந்த மிச்சத்திலிருந்து, 2004ஆம் ஆண்டில் பிறந்த கட்டளைப்படி மேலும் அவ்வளவே கிடைத்தது. ஆயுள் முழுவதும் மூச்சிரைப்போடு வாழ்வதற்குத் தரப்பட்ட விலை அது. குற்ற வழக்கில் 2010ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இந்திய அதிகாரிகள் எழுவருக்கு ஈராண்டுச் சிறை, உடனே ஜாமீன். தாய்க் கம்பெனியின் தலைவராயிருந்த வாரன் ஆண்டர்சன் 1984ஆம் ஆண்டில் கைதான அன்றே விடுவிக்கப்பட்டு நாட்டைவிட்டுச் சென்றவர். திரும்பி வராமலே 2014ஆம் ஆண்டில் காலமானார். தொகை போதாது, 7,844 கோடி ரூபாய் மேலும் வேண்டும் என்று மத்திய அரசாங்கம் கொண்டுவந்த மனுவைச் சுப்ரீம் கோர்ட்டு 2023ஆம் ஆண்டு மார்ச்சில் தள்ளிவிட்டது. பாதிக்கப்பட்டோருக்காக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று முன்னமே கூறியிருந்தும் அரசாங்கம் எடுக்கவில்லையே என்று கோர்ட்டு கடிந்துகொண்டதையும் நாம் மறக்கலாகாது. அந்தத் தொழிற்சாலையில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு 2025ஆம் ஆண்டில் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரிக்கப்பட்டது. அதற்கான 126 கோடி ரூபாயைத் தந்தது மத்திய அரசாங்கம். அதாவது வரி செலுத்தும் நாம்.

தீங்கு முழுவதும் வீண்போயிற்று என்று சொல்வதற்கில்லை. போபாலுக்கு ஓராண்டு கழித்து, 1985ஆம் ஆண்டு டிசம்பரில், டில்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் என்னும் அமிலவாயு கசிந்தது. அவ்வழக்கில் நீதிபதி பகவதி தலைமையில் அமர்ந்த கோர்ட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தீர்ப்பைப் பின்பற்றி வந்த பழைய வழியிலிருந்து விலகியது. அபாயகரமான தொழில் நடத்துவோர், தாம் தவறே செய்யாவிடினும், எந்த விதிவிலக்கும் கூறாமல் இழப்பை ஏற்றாக வேண்டும். ஈட்டின் அளவும் தொழிலின் செல்வநிலைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று 1986ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. உலகில் வேறெங்கும் இவ்வளவு கண்டிப்பான விதி அக்காலத்தில் இருந்ததாக நாம் அறியோம். அதே ஆண்டில் சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அமெரிக்காவிலும் அவ்வாண்டில், தொழிற்சாலைகளில் உள்ள நச்சுப்பொருள்களை அக்கம்பக்கத்தார் அறியும் உரிமை சட்டமாயிற்று. போபாலைப் போன்ற இன்னொரு யூனியன் கார்பைடு தொழிற்சாலை அவர்கள் நாட்டிலே மேற்கு வர்ஜீனியாவில் இருந்தது என்பது அதற்கு ஒரு தூண்டுகோல்.

இனி அணுசக்திக்கு வருவோம். 2008ஆம் ஆண்டில் இந்தியாவும் அமெரிக்காவும் அணு ஒப்பந்தம் செய்துகொண்டன. வெளிநாட்டுக் கம்பெனிகள் நமக்கு உலைகளை விற்க ஆவலாக இருந்தன. விபத்து நேர்ந்தால் யார் கொடுப்பது என்னும் சட்டம் 2010ஆம் ஆண்டு கோடையில் பாராளுமன்றத்தின் ஆய்வில் இருந்தபோது போபால் தீர்ப்பு வெளிவந்து நாடு கொதித்தது. ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அந்தக் கொதிப்பின் தடம் பதிந்தது. உலையை நடத்துவோர் 1,500 கோடி ரூபாய் வரை கொடுக்க வேண்டும். குறையுள்ள கருவி தந்தவர் காரணமானால் அவரிடமிருந்து அத்தொகையை மீட்கலாம் என்று அதன் 17ஆம் பிரிவு கூறியது. கருவி விற்பவரைத் தொடும் இத்தகைய பிரிவு உலகில் அரிது.

அதன்பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. ஆந்திரத்தின் கொவ்வாடாவிலும் மகாராஷ்டிரத்தின் ஜைதாபூரிலும் எழ வேண்டிய அயல்நாட்டு உலைகள் காகிதத்தில் நின்றன. கூடங்குளத்தில் முதலிரண்டு உலைகளுக்கு 1988ஆம் ஆண்டு ஒப்பந்தம் காப்பாக இருந்தது. மூன்றாவது, நான்காவது உலைகளுக்கான பேச்சு இந்தப் பிரிவினாலேயே நீண்டது. அயல்நாட்டார் மட்டும் முணுமுணுத்தனர் என்று எண்ண வேண்டா. நம் நாட்டுத் தொழிலதிபர்களும் மறுத்தனர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. சில இலட்சம் ரூபாய்க்கு ஒரு வால்வு செய்து தருபவன் 1,500 கோடி ரூபாய் அபாயத்தைத் தலையில் சுமக்க இயலுமா? அவனுக்கு இன்ஷூரன்ஸ் தருவார் யார்? 2015ஆம் ஆண்டில் அரசாங்கம் 1,500 கோடி ரூபாயில் இன்ஷூரன்ஸ் கூட்டுநிதி ஒன்றை அமைத்தும் அச்சம் முற்றும் தீரவில்லை. வரம்பில்லாத பொறுப்பை ஏற்கத் தனியார் முதல் முன்வராது என்பது அமெரிக்கா 1957ஆம் ஆண்டில் பிரைஸ்–ஆண்டர்சன் சட்டத்தை இயற்றிய நாளிலிருந்தே தெரிந்த உண்மை.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில், 2047ஆம் ஆண்டுக்குள் அணுமின் திறனை 100 ஜிகாவாட்டாக உயர்த்துவது என்னும் குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. அப்போது நம்மிடம் இருந்தது 9 ஜிகாவாட்டுக்கும் குறைவு. இவ்வளவு பெரிய தாவலுக்கு வேண்டிய முதலை அரசாங்கம் ஒன்றே திரட்ட இயலாது. ஆகவே அவ்வாண்டு டிசம்பரில் 'சாந்தி' என்ற சுருக்கப் பெயருடன் புதிய சட்டம் வந்தது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் சட்டமும் நீங்கின. தனியார் கம்பெனிகள் அணுமின் நிலையம் நடத்த வழி பிறந்தது. உலை நடத்துவோரின் பொறுப்பு உலையின் அளவுக்கேற்ப வகுக்கப்பட்டது: மிகப் பெரியவற்றுக்கு 3,000 கோடி ரூபாய், மிகச் சிறியவற்றுக்கு 100 கோடி. அதற்கு மேற்பட்டதை ஒரு வரம்புவரை மத்திய அரசாங்கம் ஏற்கும். கருவி விற்றவரைத் தொடும் பழைய பிரிவு நீங்கியது. ஒப்பந்தத்தில் எழுத்தால் எழுதியிருந்தாலோ, யாரேனும் வேண்டுமென்றே தீங்கு விளைத்திருந்தாலோ மட்டுமே இனி மீட்கலாம். 2016ஆம் ஆண்டில் நாம் உறுதிசெய்த அனைத்துநாட்டு உடன்படிக்கையும் இதே முறையைத்தான் கூறுகிறது.

இச்சட்டத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மின்சாரம் வேண்டும், நிலக்கரிப் புகையும் குறைய வேண்டும். ஆனால் வரம்பு கட்டுவது என்பது என்ன செயல் என்பதை ஒளிவுமறைவின்றி அறிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் 2011ஆம் ஆண்டில் புகுஷிமா உலைகள் உருகின. அந்நாட்டுச் சட்டம் உலை நடத்துவோருக்கு வரம்பு வைக்கவில்லை. டெப்கோ கம்பெனி பத்து இலட்சம் கோடி யென்னுக்கு மேல் ஈடு கொடுத்திருக்கிறது. நம் பணத்தில் அது ஐந்து இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். கம்பெனியால் தனியே தாங்க இயலாமல் அரசாங்கம் அதைக் கையில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்காவில் உலைக் கம்பெனிகள் யாவும் கூட்டாகப் பொறுப்பேற்று வைத்திருக்கும் தொகை 1,500 கோடி டாலருக்கு மேல். நம் 3,000 கோடி ரூபாய் டாலரில் 35 கோடி அளவே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளி விபத்து நேர்ந்தால் வெறுமையாக இராது. அந்த ஊரார் உடலும் நிலமும் அதை நிரப்பும்; எஞ்சியதைப் பொதுக்கருவூலம் நிரப்பும். ஆகவே வரம்பு என்பது தொழிலுக்கு நாம் அளிக்கும் ஒரு மானியம். மானியம் அளிப்பதில் தவறில்லை. உரத்துக்கும் அளிக்கிறோம், உணவுக்கும் அளிக்கிறோம். ஆனால் அவற்றுக்கெல்லாம் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி உண்டு. சட்டசபைகளில் அதைப் பற்றிக் கேள்வி கேட்பார் உண்டு. இந்த மானியத்துக்கு அப்படி ஒரு வரி இல்லை.

வாணிக உலகத்தார் இதைக் கேட்டுச் சினங்கொள்ள வேண்டியதில்லை. கட்டுப்பாடற்ற பொறுப்பு தொழிலைக் கொல்லும் என்பதை நாம் மேலே ஒப்புக்கொண்டோம். அவர்களும் மறுபக்கத்தை ஒப்புக்கொள்வது நேர்மை. பொறுப்பு குறையக் குறைய, மேற்பார்வை கூடியாக வேண்டும். அபாயத்தின் விலையைச் சட்டம் தள்ளுபடி செய்யுமானால், மேலாளனுடைய பேரேட்டில் சுழி விழாதபடி காக்க வேறொருவர் வேண்டும். புதிய சட்டம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்திருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது. முன்னர் அது நிருவாக ஆணையால் அமைந்த வாரியமாகவே இருந்தது. அதற்கு எத்தனை ஆய்வாளர் தரப்படுவர், நிலையத்தை நிறுத்தச் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருக்குமா, அவர்களுடைய அறிக்கைகள் அந்தந்த வட்டாரத்து மொழியில் ஊராருக்குக் கிடைக்குமா என்பவை சட்டநூலில் எழுதி முடிகிற காரியங்களல்ல. போபாலிலும் ஆய்வாளர் இருந்தனர், உரிமம் இருந்தது, விதிகள் இருந்தன. தொட்டியில் இருப்பது இன்னதென்று சுற்றிலும் குடிசைகளில் இருந்தவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டால் ஓரளவு காக்கும் என்ற சிறு செய்திகூட அன்றிரவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கருவி விற்பவரிடமிருந்து மீட்கும் உரிமை இனி ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு என்று கண்டோம். அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய ஒப்பந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்தாகும். விற்பவர் வலியவர், வாங்குபவருக்கோ அவசரம். அப்பிரிவை எழுதாமல் விடும்படி முதல் நாளே கேட்பார்கள். விலையைச் சிறிது குறைத்துத் தருவதாகவும் சொல்லக்கூடும். அரசாங்கத்தின் அணுமின் கழகமானாலும் தனியார் கம்பெனியானாலும், மேசையின் இப்பக்கம் அமர்ந்திருக்கும் அதிகாரி அந்தக் குறைந்த விலைக்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான பின் அந்த ஒரு பிரிவையேனும் வாணிக இரகசியம் என்று மறைக்காமல் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். நிலையம் எழும் ஊரின் பஞ்சாயத்து அதைத் தன் மொழியில் கேட்டுப் பெறுவதற்கும் வழி இருக்க வேண்டும்.